கருவியை நம்புவதா, கற்றவரை நம்புவதா?

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் இன்று கொங்கு மண்டலத்து நூற்பாலை ஒன்றில் உயர்ந்த பொறுப்பு வகிக்கிறார். சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தவர், "ஐயா, எங்கள் ஆலையில் பழைய வாக்கி-டாக்கிகளை மாற்றிவிட்டு டிஜிட்டல் கருவிகளை வாங்கிவிட்டோம். பழையவை இருபதுக்கும் மேல் அலமாரியில் கிடக்கின்றன. எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை. நீங்கள்தான் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்டார்.

கேள்வி எளிமையானது. ஆனால், அதற்கு ஒரு வார்த்தையில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆலைகளுக்காகவும் காவல் துறைக்காகவும் செய்யப்பட்ட வணிக வானொலிக் கருவியை, அமெச்சூர் வானொலியினருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் பயன்படுத்தலாமா? தொழில்நுட்பத்தைக் கேட்டால் 'முடியும்' என்கிறது. பிற நாடுகளின் அனுபவத்தைக் கேட்டால் 'நன்மையே விளைந்தது' என்கிறது. நம் நாட்டு நடைமுறையைக் கேட்டால் மட்டும் தெளிவான விடை கிடைப்பதில்லை.

வாக்கி-டாக்கி குறித்த பேச்சு அண்மையில் மீண்டும் எழுந்ததற்குக் காரணம் உண்டு. உரிமம் தேவையா, எந்த அலைவரிசையில் இயங்கும் என்ற விவரங்கள் ஏதுமின்றி இணைய வணிகத் தளங்களில் இக்கருவிகள் விற்கப்படுவதைக் கண்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2025 மே மாதத்தில் 13 தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தொடர்ந்து வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாயின. அது தேவையான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால், தடுக்க வேண்டியதைத் தடுப்பதோடு, அனுமதிக்க வேண்டியதைத் தெளிவாக அனுமதிப்பதும் நல்ல நிர்வாகத்தின் கடமை. இக்கட்டுரை அந்த இரண்டாவது கடமையைப் பற்றியது.

முதலில் இரு வகைச் சேவைகளையும் வேறுபடுத்திப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆலையோ, துறைமுகமோ, தனியார் பாதுகாப்பு நிறுவனமோ வாக்கி-டாக்கி பயன்படுத்த வேண்டுமெனில், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் விண்ணப்பித்து, தனக்கென ஒதுக்கப்படும் அதிர்வெண்ணைப் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. பயன்படுத்தும் கருவிக்கு 'வகை ஒப்புதல்' இருக்க வேண்டும். குறைந்த ஆற்றலில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் சிறு கருவிகளுக்கு மட்டும் 2018ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி முற்றிலும் வேறானது. ஆதாய நோக்கமின்றி, கற்கவும் பரிசோதிக்கவும் பிறரோடு தொடர்பு கொள்ளவும் தனி மனிதர்களுக்குத் தரப்பட்ட வாய்ப்பு அது. 12 வயது நிறைந்த எவரும், வானொலியின் அடிப்படைக் கோட்பாடுகளிலும் விதிமுறைகளிலும் நடத்தப்படும் தேர்வில் வென்றால் உரிமம் பெறலாம். உயர்நிலை உரிமத்துக்கு மார்ஸ் குறியீட்டுத் தேர்வும் உண்டு. பணி ஓய்வுக்குப் பின்னர் நான் அத்தேர்வை எழுதியபோது, பக்கத்து மேசையில் இருந்தவர் பள்ளி மாணவர். நாற்பதாண்டுக் காலம் தேர்வு நடத்தியவன், பேரன் வயதுடையவரோடு அமர்ந்து தேர்வு எழுதியது மறக்க இயலாத அனுபவம்.

இந்த இரு சேவைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு ஒன்றே. ஆலையில் வாக்கி-டாக்கியைக் கையில் வைத்திருக்கும் காவலாளிக்கு வானொலி பற்றி ஏதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். அவர் தவறு செய்ய முடியாதபடி கருவியே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே அரசு கருவியைச் சோதித்துச் சான்றளிக்கிறது. அமெச்சூர் சேவையில் மனிதரே சோதிக்கப்படுகிறார். தான் செலுத்தும் அலை எங்கே செல்கிறது, எவ்வளவு அகலத்தை அடைக்கிறது, யாருக்கு இடையூறு செய்யும் என்பதை அறிந்தவர் என்று தேர்வின் மூலம் உறுதிசெய்த பின்னரே அவருக்கு உரிமம் தரப்படுகிறது. அதனால்தான் சொந்தமாகக் கருவி செய்து இயக்கும் உரிமை உலகெங்கும் அமெச்சூர்களுக்குத் தரப்பட்டுள்ளது.

சென்னை மாநகரின் வானொலி வரலாறே இத்தகைய ஆர்வலர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்த சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவருடைய நண்பர்களும், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினர். நிதி நெருக்கடியால் 1927இல் கழகம் செயலிழந்தபோது, அந்தக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்வலர்களின் கருவி பொதுப்பணிக்குச் சென்றது. இன்று நாம் பேசுவது அதன் மறுதிசைப் பயணத்தைப் பற்றி.

வணிகக் கருவி அமெச்சூர் அலைவரிசையில் இயங்குவது எப்படி? நம் நாட்டில் அமெச்சூர்களுக்கு உரிய 'இரண்டு மீட்டர்' அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், '70 சென்டிமீட்டர்' அலைவரிசை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அமைந்துள்ளன. வி.எச்.எஃப். வணிகக் கருவிகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், யு.எச்.எஃப். கருவிகள் ஏறத்தாழ 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் செயல்படக்கூடியவை. அதாவது, அமெச்சூர் அலைவரிசை அவற்றின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கருவியைத் திறக்காமலேயே, கணினியோடு இணைத்து அதன் சேனல்களை மாற்றி எழுதினால் போதுமானது.

முன்பு இது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பழைய கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று என இரு குவார்ட்ஸ் படிகங்கள் தேவைப்பட்டன. வேண்டிய அதிர்வெண்ணுக்கு ஏற்ப அவற்றைச் செய்வித்து, உள்ளிருக்கும் சுருள்களைத் திருகி இசைவிக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் அளவுகோல் கருவிகளும் வேண்டும். அப்படி இருந்தும் மேலை நாட்டு அமெச்சூர்கள் இதில் இறங்கினர். அதன் பின்னணியில் ஒரு பொருளாதார நிகழ்வு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் டாக்ஸிகள், காவல் வாகனங்கள், சரக்கு லாரிகள் ஆகியவற்றில் இருவழி வானொலி பெருகியது. சேனல்கள் போதவில்லை. ஒரு குரலைச் சுமக்கும் அலை தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் 15 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலாம் என்றிருந்ததை, 5 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்குமாறு கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. நெரிசலான தெருவில் அகன்ற வண்டிகளை நீக்கிவிட்டுக் குறுகிய வண்டிகளை ஓட்டச் சொன்னது போன்ற ஏற்பாடு இது. ஒரே தெருவில் கூடுதல் வண்டிகள் செல்ல முடிந்தது. ஆனால், மோட்டோரோலா, ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் செய்த உறுதியான பழைய கருவிகள் 1960களில் பெருமளவில் கைவிடப்பட்டன.

அவற்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அமெச்சூர்கள். டாக்ஸியின் பின்பெட்டியில் இருந்த கனத்த கருவிகளை இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு மாற்றினர். உயரமான கட்டடங்களிலும் குன்றுகளிலும் அவற்றை நிறுவி, 'ரிப்பீட்டர்' எனப்படும் மறுபரப்பு நிலையங்களை அமைத்தனர். ஒரு கைக்கருவியின் மெல்லிய அலையை உயரத்திலிருந்து வாங்கி, வலுவூட்டி, வேறோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புவது ரிப்பீட்டரின் பணி. சில கிலோமீட்டரே செல்லும் குரல், அதன் உதவியால் ஒரு மாவட்டம் முழுவதும் கேட்கும். இன்று உலகெங்கும் இரண்டு மீட்டர் அலைவரிசையில் நடக்கும் உரையாடல் முறைக்குப் பெரிதும் அடித்தளமிட்டவை, பிறர் கழித்துப்போட்ட இந்த டாக்ஸிக் கருவிகளே. தேவை இவ்வாறு உருவான பின்னரே, அமெச்சூர்களுக்கென்றே தனிக் கருவிகளை ஜப்பானிய நிறுவனங்கள் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கின.

பிரிட்டனிலும் இதே கதைதான். கேம்பிரிட்ஜில் இயங்கிய பை நிறுவனத்தின் வாகன வானொலிகள் பணி முடிந்து சந்தைக்கு வந்தபோது, அந்நாட்டு அமெச்சூர்கள் அவற்றை வாங்கி இரண்டு மீட்டருக்கும், 70 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ள நான்கு மீட்டர் அலைவரிசைக்கும் மாற்றினர். நான்கு மீட்டர் அலைவரிசை உலகில் சில நாடுகளில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதற்கென யாரும் கருவி செய்ய முன்வராத காலத்தில், வணிக நிறுவனங்களின் பழைய கருவிகளே அதை உயிர்ப்போடு வைத்திருந்தன.

அமெரிக்காவில் 2013 ஜனவரி 1 அன்று வரலாறு மீண்டும் திரும்பியது. 512 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் இயங்கிய பெரும்பாலான வணிக, பொதுப்பாதுகாப்புச் சேவைகள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனலிலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு மாறுவதற்கான இறுதிக் கெடு அந்த நாள். மாற இயலாத கருவிகள் மீண்டும் அமெச்சூர்களின் மேசைக்கு வந்தன. வணிக உலகம் ஒவ்வொரு முறை அலைக்கற்றையைச் சிக்கனப்படுத்தும்போதும், கழிக்கப்பட்ட கருவி கற்றவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புதிய அமெச்சூர் கருவிகள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் பழைய வணிகக் கருவி எதற்கு என்று கேட்கலாம். அதன் தரமே முதற்காரணம். மழையிலும் தூசியிலும், கீழே விழுந்தாலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்பட்டவை அவை. அதைவிட முக்கியமானது அவற்றின் கேட்கும் திறன். பல ஆன்டெனாக்கள் நெருங்கி நிற்கும் குன்றின் மேல், வலுவான அலைகள் ஒன்றோடொன்று கலந்து பொய்யான ஒலிகளை உண்டாக்கும். நல்ல வணிகக் கருவியின் முன்பகுதியில் உள்ள வடிகட்டிகள் இத்தொல்லையைப் பெரிதும் தடுக்கின்றன. திருவிழா இரைச்சலில் தன் குழந்தையின் குரலை மட்டும் பிரித்தறியும் தாயின் காதைப் போன்றது அது. எதையும் கேட்கும் வகையில் அகன்ற எல்லையோடு செய்யப்படும் மலிவுக் கருவிகளுக்கு அத்தகைய காது அமைவதில்லை.

குறைகளும் உண்டு. வணிகக் கருவியின் முகப்பில் எண்களை அழுத்தி விரும்பிய அதிர்வெண்ணுக்குச் செல்ல முடியாது. ஒரு சேனலைச் சேர்ப்பதற்கும் கணினி, அதற்குரிய மென்பொருள், தனிவகைக் கம்பி ஆகியன தேவை. சில பழைய கருவிகளின் மென்பொருள் இன்றைய கணினிகளில் இயங்காது. அதற்காகவே டாஸ் காலத்துக் கணினியைப் பாதுகாத்து வைத்திருப்போர் உண்டு. மின்கலங்கள் செயலிழந்திருக்கும். ஆனால், முகப்பிலிருந்து மாற்ற முடியாது என்ற குறையே ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது. எழுதப்பட்ட சேனல்களைத் தவிர வேறெங்கும் அக்கருவி பேசாது. புதிதாக உரிமம் பெற்ற மாணவரிடம் தருவதற்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி இல்லை.

மாற்றி அமைக்கும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அமெச்சூர்கள் பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்ஸ் விலகலைக் கையாளுகின்றனர். குறுகிய சேனலுக்கான வணிகக் கருவி 2.5 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே விலகும். பேச்சின் உச்ச அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் எனக் கொண்டால், விலகலையும் அதையும் கூட்டி இரட்டிப்பாக்கினால், அடைக்கப்படும் அகலம் தோராயமாகத் தெரியும். முதல் முறைக்கு 16 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவதற்கு 11. குறுகிய கருவியிலிருந்து வரும் குரல் மற்றவர்களுக்கு மெலிதாகக் கேட்கும். அகன்ற முறையில் வரும் குரல் குறுகிய கருவியில் சிதைந்து ஒலிக்கும். இந்தக் கணக்கை அறிந்தவர் அதைச் சரிசெய்துகொள்வார். அறியாதவர் கருவி பழுது என்று எண்ணுவார். தேர்வின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வணிகக் கருவியைக் கற்றவர் அமெச்சூர் அலைவரிசைக்குக் கொண்டுவரலாம் என்பதால், அமெச்சூர் கருவியை யாரும் வணிக அலைவரிசைக்குக் கொண்டுசெல்லலாம் என்று பொருளாகாது. அமெரிக்கச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. வணிகச் சேவைக்கு அதற்கென சான்று பெற்ற கருவியே வேண்டும். உரிமம் பெற்ற அமெச்சூரோ, தம் அலைவரிசையில் பொதுவாக எந்தக் கருவியையும் தம் பொறுப்பில் பயன்படுத்தலாம். முகப்பிலேயே எந்த அதிர்வெண்ணுக்கும் மாறக்கூடிய மலிவுக் கருவிகள் விதிகளுக்குப் புறம்பாக விற்கப்படுவது குறித்து அந்நாட்டு ஆணையம் 2018இல் வெளிப்படையாக எச்சரித்தது.

இத்தகைய கருவி அறியாதவர் கையில் என்ன செய்யும் என்பதற்கு நம் கடற்கரையே சான்று. கடலில் ஆபத்தில் சிக்குவோர் உதவி கேட்கும் பன்னாட்டுச் சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அது 136 முதல் 174 வரையிலான எல்லைக்குள் அடங்கியது. கரையில் ஒருவர் இணையத்தில் வாங்கிய கருவியில் எண்களை விளையாட்டாக அழுத்திப் பேசிக்கொண்டிருந்தால், படகு கவிழும் நிலையில் இருக்கும் மீனவரின் அழைப்பு அதில் அமிழ்ந்து போகலாம். விமானங்களின் குரல் தொடர்பு 137 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. அதன் விளிம்பையும் இக்கருவிகள் தொடுகின்றன. ஆகவே, நுகர்வோர் ஆணையத்தின் கண்டிப்பை அமெச்சூர்கள் எதிர்க்கவில்லை, வரவேற்கவே வேண்டும்.

கழித்துவிடப்பட்ட வணிகக் கருவியிலும் இதே அபாயம் ஒளிந்திருக்கலாம். முன்னாள் உரிமையாளரின் சேனல்கள் அதன் நினைவகத்தில் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்காமல் பொத்தானை அழுத்தினால், அமெச்சூர் உரிமம் பெற்றவரும் குற்றவாளியே ஆவார். பல கருவிகளில் பேச்சை மறைபொருளாக்கும் வசதியும் உண்டு. அமெச்சூர் வானொலியில் பொருளை மறைத்துப் பேசக் கூடாது என்பது பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறைகளிலேயே இடம்பெற்ற கொள்கை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற வெளிப்படைத்தன்மையே அமெச்சூர்களுக்கு அரசுகள் தந்த நம்பிக்கையின் விலை. எனவே, பழைய சேனல்களை அழிப்பதும் மறையாக்க வசதியை நீக்குவதும் முதற்பணியாக இருக்க வேண்டும்.

டிஜிட்டல் காலத்திலும் இவ்வுறவு தொடர்கிறது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் 2005இல் வெளியிட்ட டி.எம்.ஆர். தரநிலை, ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை இரு காலத் துண்டுகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் இரு உரையாடல்களுக்கு இடமளிக்கிறது. தொழில் நிறுவனங்களுக்காக உருவான இம்முறையை அமெச்சூர்கள் தமதாக்கிக்கொண்டு, இணையத்தின் வழியே நாடுகளை இணைத்துள்ளனர். என் மாணவரின் ஆலை இன்று வாங்கியுள்ள புதிய கருவிகளும் ஒரு நாள் பழையனவாகும். அப்போதும் இதே கேள்வி எழும்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. வானலைகளை அரசு தன் விருப்பப்படி பகிர்ந்தளிப்பதைவிட, உரிமைகளை வரையறுத்துச் சந்தை விலைக்கு விடுவது சிறந்தது என்று 1959இல் ரொனால்டு கோஸ் வாதிட்டார். இன்றைய அலைக்கற்றை ஏலங்களுக்கு அவ்வாதமே வித்து. ஆனால், அமெச்சூர் அலைவரிசை ஏலத்துக்கு அப்பாற்பட்ட பொதுநிலமாக இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கு நுழைவுச்சீட்டு பணமன்று, தேர்வு. ரிப்பீட்டர்களின் அதிர்வெண்கள் மோதாமல் தமக்குள் பேசி ஒழுங்குபடுத்திக் கொள்வதும் பெரும்பாலும் அமெச்சூர்களே. பொதுவளத்தைப் பயனாளர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் காட்டியதற்கு, குளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் போல வானலையும் ஓர் எடுத்துக்காட்டு.

பழைய பொருள் சந்தையிலும் ஒரு பாடம் உண்டு. விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தையே சீர்குலையும் என்று 1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். பழைய வானொலியை வாங்கும் அமெச்சூர், அதன் ஆற்றலையும் அதிர்வெண் துல்லியத்தையும் தாமே அளந்து பார்க்கத் தெரிந்தவர். கணக்கேட்டில் தேய்மானம் முடிந்து மதிப்பு பூஜ்யமாகிவிட்ட பொருளுக்கு, அறிவுள்ள கையில் மீண்டும் மதிப்பு பிறக்கிறது. மின்னணுக் கழிவு குறித்து 2022ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ள நாட்டில், இயங்கும் கருவியை நொறுக்குவதைவிட மறுபயன்பாட்டுக்குத் தருவதே பொருத்தம்.

இதில் அடங்கியிருப்பது சிக்கனம் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு, சிறப்பு அனுமதி பெற்று உலக அமெச்சூர்களோடு தொடர்புகொள்வதற்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில், பொழுதுபோக்காகத் தொடங்கிய அக்குழுவின் வானொலியே தீவுகளுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இடையே செய்தி சுமந்தது. அது நெடுந்தொலைவு செல்லும் சிற்றலையின் பணி. ஒரு நகருக்குள், ஒரு மருத்துவமனைக்கும் ஒரு நிவாரண முகாமுக்கும் இடையே பேசுவதற்குக் கைக்கருவிகளும் ரிப்பீட்டர்களும் வேண்டும். கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்த பிறகு கருவிகளைத் தேடி ஓடுவதில் பயனில்லை. பயிற்சி பெற்றவர்கள் கையில் அவை முன்பே இருக்க வேண்டும்.

அவ்வாறு இருப்பதற்கு நம் நடைமுறையில் என்ன தடை? வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் அடிப்படை. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அங்கீகாரம் தேவை என்கிறது. பாதுகாப்பு நோக்கில் இது நியாயமானதே. ஆனால், ஒரு நிறுவனம் தன் உரிமத்தின் கீழ் வைத்திருந்த கருவியை, உரிமம் பெற்ற அமெச்சூரிடம் கொடுக்க விரும்பினால், இருவரும் பின்பற்றத்தக்க எளிய, பொதுமக்கள் அறிந்த ஒரு வழிமுறை இல்லை. விளைவாக, அஞ்சுவோர் அலமாரியில் பூட்டி வைக்கின்றனர். அஞ்சாதோர் பழைய பொருள் கடையில் போட்டுவிடுகின்றனர். பூட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை. கடைக்குப் போனால் அக்கருவி யார் கைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்புக்காக வகுக்கப்பட்ட விதி, நடைமுறை இன்மையால் பாதுகாப்பின்மைக்கு வழிவகுக்கிறது.

மூன்று நடவடிக்கைகள் போதும். முதலாவதாக, வகை ஒப்புதல் பெற்ற வணிகக் கருவியை, உரிமம் பெற்ற அமெச்சூர் தமக்குரிய அலைவரிசையிலும் ஆற்றல் வரம்புக்குள்ளும் பயன்படுத்தலாம் என்று உரிமம் வழங்கும் பிரிவு ஐயத்துக்கு இடமின்றி ஓர் அறிவிக்கை வெளியிட வேண்டும். அதுவரை, கருவியின் விவரத்தைத் தெரிவித்து எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்றுக்கொள்வதே அமெச்சூர்களுக்கு நல்லது.

இரண்டாவதாக, கருவியைக் கைமாற்றுவதற்கு ஒரு பக்கப் படிவம் வேண்டும். கருவியின் வரிசை எண், கொடுப்பவரின் உரிம எண், பெறுபவரின் அழைப்புக் குறியீடு, பழைய சேனல்களும் மறையாக்கமும் அழிக்கப்பட்டன என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருந்தால் போதும். இணையவழியில் பதிவு செய்தால், ஒவ்வொரு கருவியும் எங்கிருக்கிறது என்பதை அரசு இப்போதைவிடத் துல்லியமாக அறிய முடியும்.

மூன்றாவதாக, கல்லூரிகள் முன்வர வேண்டும். கல்வி நிறுவனங்கள் அமெச்சூர் கழக நிலையம் அமைக்க விதிகளில் இடம் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் பழைய கருவி ஒன்றைத் திறந்து பார்த்து, அளந்து, சேனல் எழுதி, ஒரு ரிப்பீட்டர் அமைத்துவிட்டால், மின்னணுவியல் பாடம் பாதி முடிந்தது எனலாம். ஆண்டுக்கொரு முறை மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து பேரிடர் ஒத்திகையும் நடத்தலாம். தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, புயலுக்கும் பஞ்சமில்லை.

அமெச்சூர்களுக்கும் கடமை உண்டு. தம் அலைவரிசைக்கு வெளியே ஒரு சேனலும் பேசும் நிலையில் வைத்திருக்கக் கூடாது. பேரிடரின்போதும் காவல் துறையின் சேனலில் தாமாக நுழையக் கூடாது. தொழில் சார்ந்த செய்திகளுக்கு அமெச்சூர் அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது. மனிதரை நம்பித் தரப்பட்ட உரிமை, அந்த நம்பிக்கை பழுதுபட்டால் பறிபோகும்.

என் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கருவிகளைக் கடையில் போட்டுவிடாதீர்கள், எனக்கும் இப்போது தந்துவிடாதீர்கள். உங்கள் உரிமத்தின் நிலையைக் கேட்டு உரிமப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்." இருவரும் எழுதியுள்ளோம். விடைக்காகக் காத்திருக்கிறோம். அந்த இருபது கருவிகளும் இன்னமும் அலமாரியில்தான் இருக்கின்றன. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அவை ஏதேனும் ஒரு கல்லூரிக் கழகத்து மாணவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).